வள்ளியாத்தாள் பக்கத்து வைப்பர்

சூலூர்ச் சுற்றுவட்டாரத்தில் வள்ளியாத்தாளைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. காரின் முன் சீட்டில் உட்கார்ந்து போன முதல் பெண்பிள்ளை அவள்தான் என்பது ஒன்று. கட்டின புருஷனை ஆள் கேட்க அதட்டியவள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதும், அந்தக் காரணம் ஒரு முழம்கூட நீளமில்லாத ஒரு ரப்பர் பட்டை என்பதும்தான் பேசியவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் மெனக்கெடவும் இல்லை.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் அவள். சூலூர் பாலுசாமிக் கவுண்டருக்கு வாழ்க்கைப்பட்டாள். கவுண்டருக்குப் பருத்தி அரவை ஆலை இருந்தது. வற்றாத கிணறு இருந்தது. முறுக்கிய மீசையும் தலையில் எப்போதும் வெள்ளை உருமாலையுமாக, பார்க்க நன்றாக இருப்பார். பார்ப்பதுதான் அவருக்கு வராது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பருத்தியின் தரத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். பத்தடி தாண்டிவிட்டால் ஆளும் மரமும் அவருக்கு ஒன்றுதான்.

கல்யாணமான புதிதில் இருவரும் சவாரி வண்டியில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனார்கள். வழியில் பாலுசாமி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "உங்கண்ணன் நிக்கறாரு பாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சோளக்காட்டில் நின்றது குருவி விரட்டும் பொம்மை. வண்டி ஓட்டியவன் முதுகு குலுங்கியது. அண்ணனுக்கு அந்தச் சாயல் கொஞ்சம் உண்டு என்று வள்ளியாத்தாள் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

கண்ணாடி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் பாலுசாமி தன் தங்கைக்கு வந்த ஒரு நல்ல மாப்பிள்ளையை, வக்கீலுக்குப் படித்தவனை, அவன் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான் என்பதற்காகவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர். குருட்டுப் பயலுக்குப் பொண்ணு கொடுப்பதா என்று ஒரு கல்யாணப் பந்தலில் நின்று கேட்டவர். அந்த வாயோடு கோயமுத்தூர்க் கண் டாக்டர் வீட்டுப் படி ஏற முடியுமா? ஏறவில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் அவருக்குக் கார் வாங்க வேண்டும் என்று தோன்றியது. அப்போது கார் வாங்குவது நினைத்த மாத்திரத்தில் நடக்கிற காரியமில்லை. பெயரை எழுதி வைத்துக் காத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு நாள் வண்டி வந்திருப்பதாகத் தகவல் வர, அவளையும் அழைத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனார். கார் விற்கிற கடையில் அழகிரிசாமி என்று ஒருவர் இருந்தார். கழுத்தில் டை, பேச்சில் வெண்ணெய். இல்லை என்ற சொல்லே அவர் வாயில் வராது. எது கேட்டாலும் "போட்டுக்கலாமுங்க" என்பார். காருக்குள் இல்லாத சாமான்களை விற்பதுதான் அவருடைய பிழைப்பின் ருசியான பகுதி.

ஏனென்றால் வந்திருந்த கார் ஏறக்குறைய மொட்டையாக இருந்தது. ஓட்டுகிறவர் முன்னால் வெயில் தடுக்க ஒரு பலகை உண்டு, பக்கத்துச் சீட்டுக்கு இல்லை. ஓட்டுகிறவர் முன்னால் மழைத்தண்ணீரை வழிக்க ஒரு வைப்பர் உண்டு, பக்கத்துச் சீட்டுக்கு இல்லை. ஆனால் முன்னால் ஒன்றும் பின் கதவுகளில் ஒவ்வொன்றுமாகச் சாம்பல் கிண்ணங்கள் கேட்காமலேயே வந்திருந்தன. பாலுசாமி பீடி, சுருட்டு எதுவும் தொட்டவரில்லை. சுருட்டுச் சாம்பல் காரின் தேவை என்றும், மழை காரின் ஆடம்பரம் என்றும் எங்கேயோ மழை பெய்யாத அறையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

வள்ளியாத்தாள் காரைச் சுற்றி வந்தாள். இடப்பக்கத்துக் கண்ணாடியின் அடியில் கறுப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். ரப்பர் மூடி. அடியில் துளை. இரண்டாவது வைப்பருக்கான துளையைக் கம்பெனியே போட்டு, கம்பெனியே அடைத்து அனுப்பியிருந்தது. மறந்துபோய் விட்டிருந்தால்கூட மன்னித்துவிடலாம். வேண்டும் என்று தெரிந்தே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் புருஷனிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஏனுங்க, அந்தப் பக்கத்துக்கும் ஒரு வைப்பர் போட்டா நல்லா இருக்குமுங்களே."

பாலுசாமி சிரித்தார். அழகிரிசாமியும் சேர்ந்து சிரித்தார். "ஓட்டறவருக்குத்தானுங்க அம்மணி பாக்கோணும். பக்கத்துல உக்கார்றவங்களுக்கு அது ஒரு சவுகரியந்தானுங்க. வேணும்னா போட்டுக்கலாமுங்க" என்றார்.

வேண்டாம் என்று பாலுசாமி கையை ஆட்டினார். அதற்குப் பதிலாக அவர் போட்டுக்கொண்டவை: ஜன்னல்களுக்குப் பச்சைப் பட்டுத் திரை, இரண்டு குரலில் கத்தும் ஹாரன், பிளாஸ்டிக் ரோஜாவோடு ஒரு பூச்சாடி, காரின் மூக்கில் ஒரு வெள்ளிப் பறவை, ஒரு கடிகாரம். கடிகாரம் சூலூர் வந்து சேர்வதற்குள் நின்றுவிட்டது. பிறகு அது ஓடவே இல்லை. ஆனாலும் யார் காரில் ஏறினாலும் பாலுசாமி அதைப் பார்த்து, பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் சொல்வார்.

டிரைவர் வைக்கவில்லை. டிரைவர் வைத்தால் வண்டி டிரைவருடையதாகிவிடும் என்பது அவர் வாதம். லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று வள்ளியாத்தாளுக்குத் தெரியாது. அவளும் கேட்கவில்லை. முதல் நாள் தனியாக ஓட்டிப் போனவர் தன் களத்திலேயே இருந்த சோளத்தட்டுப் போருக்குள் வெள்ளிப் பறவையோடு புகுந்து நின்றார். போரைப் போட்ட ஆள்களுக்கு அன்று முழுதும் திட்டு விழுந்தது. வருஷா வருஷம் அதே இடத்தில் போடுகிற போர்தான்.

அன்று சாயங்காலம் வள்ளியாத்தாள் வெகுநேரம் யோசித்தாள். இவரை ஓட்டாதே என்று சொல்ல ஆளில்லை. சொன்னால் கேட்பவருமில்லை. திருச்சி ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும், மில்லுக்குப் போகும் பெண்கள் வரிசையாக நடப்பார்கள், மாட்டுவண்டிகள் வண்டிக்காரன் தூங்கத் தானாக வரும். யாராவது ஒருவர் மேல் ஏறிவிட்டால்? சோளத்தட்டாக இருந்ததால் போயிற்று.

மறுநாள் அவர் வண்டியைக் கிளப்பியபோது முன் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன புள்ள இது?" என்றார். "எனக்குப் பின்னால உக்காந்தா தலை சுத்துதுங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரம்தானே, முகம் நன்றாகத் தெரிந்திருக்கும். கியரைப் போட்டு ஓட்டினார்.

அப்படித்தான் அவள் முன் சீட்டுக்கு வந்தாள். ஊர் வாயை மூடவில்லை. பெண்பிள்ளை என்றால் பின்னால் திரைக்குள் இருப்பதுதான் அழகு என்றார்கள். ஆம்பிளைக்குச் சமமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறாளே என்றார்கள். அவள் நெஞ்சை நிமிர்த்தியது ரோடு தெரிவதற்கு. குட்டையான பெண், அடியில் ஒரு தலையணை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

பாலுசாமிக்கு இந்தப் பேச்சு முதலில் கசந்தது. பிறகு அதில் ஒரு லாபம் இருப்பதைக் கண்டுகொண்டார். "நான்தானுங்க முன்னால உக்காரச் சொன்னேன். நமக்கு இந்தப் பழைய பஞ்சாங்கமெல்லாம் கெடையாதுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். முற்போக்குக்காரர் என்று பெயர் வந்தது. மாதர் சங்கம் ஒன்று அவரை அழைத்து மாலை போட்டது. பெண்கள் முன்னுக்கு வர வேண்டும் என்று பேசினார். கைதட்டல் அடங்கியதும் மேடையில் படி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். கடைசி வரிசையில் இருந்த வள்ளியாத்தாள் எழுந்து வந்து, படிக்குக் கீழே நின்று இருமினாள். இருமலைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார்.

காரில் அவள் வேலை பார்ப்பது, பார்த்ததைச் சொல்வது. ஆரம்பத்தில் முறைப்படி சொன்னாள். "ஏனுங்க, எதுத்தாப்புல ஒரு மாட்டு வண்டி வராப்புல இருக்குதுங்க, கொஞ்சம் ஒதுங்கிப் போனா நல்லா இருக்குமுங்க." இந்த வாக்கியம் முடிவதற்குள் மாட்டின் மூச்சு கண்ணாடியில் படும். மரியாதைக்கு நேரம் பிடிக்கிறது, மாட்டுக்கு அது தெரியவில்லை. நாளாக ஆக அவள் பேச்சைச் சுருக்கினாள். "மாடுங்க." "சைக்கிளுங்க." "பாலமுங்க." அவளுக்கு அந்த அளவு போதும், அவருக்கும் போதும். அவள் குறை ஒன்றும் காட்டிப் பேசமாட்டாள். வழியில் இருக்கிற அழகைப் புருஷனுக்குச் சொல்லிக்கொண்டு போகிறவள் போலத்தான் இருக்கும் கேட்பவர்களுக்கு.

வெயில் நாளில் இப்படி ஓடிவிட்டது. மழை வந்தால்தான் வினை. அவருக்கு முன்னால் வைப்பர் ஆடும். அது வழித்துவிடும் இடம் ஒரு பனை விசிறி அகலம், அதையும் அவளுக்குத் தெரியாதபடி அவருடைய உருமாலை மறைத்துக்கொள்ளும். தெளிவாகத் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் பார்க்காத கண். பார்க்கிற கண்ணுக்கு முன்னால் தண்ணீர் வழிகிற கண்ணாடி. காரைச் செய்தவர்கள் ஓட்டுகிறவரின் கண்ணை நம்பினார்கள். ஓட்டுகிறவர் கையில் காசிருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, கண்ணிருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

வள்ளியாத்தாள் தானே ஒரு வழி செய்துகொண்டாள். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, ஒரு சவுக்குக் குச்சியில் வைத்துக் கட்டினாள். மழை பிடித்தால் ஜன்னலை இறக்கி, கையை நீட்டி, கண்ணாடியை அவளே வழித்துவிடுவாள். ஜாக்கெட் கை நனைந்து, தோள் நனைந்து, கோயமுத்தூர் போய்ச் சேரும்போது பாதி உடம்பு ஈரமாக இருக்கும். பாலுசாமிக்கு இதில் ஒரே ஒரு வருத்தம். வெளியே பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

வண்டியைப் பழுது பார்க்க விடும்போதெல்லாம் அவள் அந்த வைப்பரைக் கேட்டாள். கேட்கும்போதெல்லாம் அழகிரிசாமி ஒரே பதிலைச் சொன்னார். வேண்டியவர்கள் போட்டுக்கொள்கிற சாமான் அது. எல்லாருக்கும் சேர்த்துப் போட்டால் வேண்டாதவர்களும் அல்லவா அதற்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும், அது நியாயமா என்றார். நியாயம் பேசும்போது அவர் குரல் இன்னும் மெதுவாகும். அப்படியானால் சுருட்டுக் குடிக்காதவர் மூன்று சாம்பல் கிண்ணத்துக்குக் காசு கொடுத்திருக்கிறாரே என்று வள்ளியாத்தாளுக்குக் கேட்கத் தோன்றும். பிரேக்கையும் வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் வண்டி இன்னும் மலிவாகக் கிடைக்குமே என்றும் தோன்றும். வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வாள். வெளி ஆம்பிளையிடம் விலை பேசுவது அவள் வளர்ந்த வளர்ப்பில் இல்லை. பேச வேண்டியவரோ அந்த வருஷம் ஸ்டியரிங்குக்குச் சிவப்பு வெல்வெட் உறை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டு ஐப்பசியில் அவிநாசியில் ஒரு கல்யாண நிச்சயம். பாலுசாமியின் பெரியப்பா மகன் சுப்பண்ணனும் காரில் வருவதாக ஏற்பாடு. சுப்பண்ணன் ஊரில் பெரிய மனுஷர். ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அவரைப் பின்னால் ஏற்றிவிட்டு, நம் வீட்டில் பெண்பிள்ளைகள் முன்னால்தான் என்று பாலுசாமி பெருமையாகச் சொன்னார். சுப்பண்ணன் "காலம் அப்படிப் போகுதா" என்று சொல்லி, பச்சைத் திரையை ஒதுக்கிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

வானம் கறுத்திருந்தது. வள்ளியாத்தாள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். பாலுசாமி அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்னால் டிக்கிக்குள் போட்டார். "அண்ணன் முன்னால இந்தக் கோமாளி வேலையெல்லாம் வேண்டாம்" என்றார் காதோடு.

பாதி வழியில் மழை கொட்டியது. இடப்பக்கத்துக் கண்ணாடி வெள்ளையாகப் போயிற்று. வள்ளியாத்தாள் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். சாரல் பின்னால் இருந்த சுப்பண்ணன் சட்டையில் அடித்தது. புதுச் சட்டை நனைகிறது, கண்ணாடியை ஏற்றச் சொல் என்று அவர் பாலுசாமியிடம் சொன்னார். பாலுசாமி அவளிடம் சொன்னார். அவள் ஏற்றினாள். மெதுவாகப் போகலாம் என்று அவள் சொன்னதற்கு, மழைக்குப் பயந்தா கார் வாங்கினோம் என்று பதில் வந்தது. பேச்சு பருத்தி விலைக்குப் போயிற்று. ஓட்டுகிறவர் பாதி பேச்சுக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டு குரல் ஹாரன் யாருமில்லாத ரோட்டைப் பார்த்துக் கத்தியது.

அவளுக்கு உட்கார முடியவில்லை. எதுவும் தெரியாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போவது கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பது போல இருந்தது. சட்டை நனைந்தால் நனையட்டும் என்று மறுபடி ஜன்னலை இறக்கி இடுப்புவரை வெளியே சாய்ந்தாள்.

நடுரோட்டில் ஒரு பாரவண்டி. அச்சு முறிந்து ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. மாடுகளை அவிழ்த்துப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். வண்டிக்கு அடியில், மழைக்கு ஒதுங்கி, ஒருவனும் ஒருத்தியும் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் கைக்குழந்தை. கார் அவர்களைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது.

மாடுங்க என்று சொல்ல அங்கே மாடில்லை. வண்டிங்க என்றால் ஒதுங்கப் பார்ப்பார், ஒதுங்க இடமில்லை. வள்ளியாத்தாள் தலையை உள்ளே இழுத்தாள்.

"நிறுத்து" என்றாள்.

அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. கால் தானாக அழுத்தியது. கார் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, வெள்ளிப் பறவை பாரவண்டியின் சக்கரத்தை முகர்ந்து பார்ப்பது போல நின்றது. சாக்குக்குள்ளிருந்தவள் குழந்தையை அணைத்துக்கொண்டு மறுபக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்து, மழையில் நின்று காரையே பார்த்தாள்.

பாலுசாமி அவளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இப்ப என்ன சொன்ன?"

வள்ளியாத்தாள் முன்னால் கையைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் அவருக்கு அங்கே ஏதோ கறுப்பாக ஒன்றுதான். பின் சீட்டில் சுப்பண்ணன் உருமாலையைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். முன்னால் என்ன இருந்தது என்பது அவருக்கும் தெரியாது. காதில் விழுந்தது மட்டும் தெரியும்.

"நாங்கூட நம்ம பண்ணையத்து ஆளு எவனையோ சொல்லுதுன்னு நெனச்சுப்போட்டேன் தம்பி" என்றார் நிதானமாக.

நிச்சய வீட்டில் இலை போட்டு முடிவதற்குள் செய்தி பந்தியைச் சுற்றி வந்துவிட்டது. பாரவண்டி அதில் இல்லை. குழந்தை அதில் இல்லை. பாலுசாமி வீட்டில் பெண்டாட்டி நிறுத்து என்றால் வண்டி நிற்கிறது என்பது மட்டும் இருந்தது. முன்னால் உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று, மாதர் சங்கக் கூட்டத்தில் முன் வரிசையில் கைதட்டியவரே சொன்னார். அடுத்த வாரம் பருத்திப் பேட்டையில் பாலுசாமி நடந்து போகும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்ல "நிறுத்து" என்றார்கள். அவர் நின்றுவிட்டார். சிரிப்பு வெடித்தது.

வீட்டுக்கு வந்தவர் அவளைக் கூப்பிட்டார். அத்தனை நாள் பேச்சில்லாமல் இருந்துவிட்டு அன்றுதான் பேசினார். சுப்பண்ணன் வீட்டுக்குப் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும் என்றார். மூன்று உயிர் தப்பியது பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மரியாதை தப்பவில்லையே என்பதுதான் அவருடைய வருத்தம்.

வள்ளியாத்தாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இனிமே அந்தத் தப்பு நடக்காதுங்க" என்றாள். "மொறைப்படி நான் பின்னாலயே உக்காந்துக்கறனுங்க."

மறுநாள் ஆலைக்குச் சாமான் வாங்கக் கோயமுத்தூர் போக வேண்டியிருந்தது. பாலுசாமி காரை எடுத்தார். வள்ளியாத்தாள் பின் கதவைத் திறந்து ஏறி, பச்சைத் திரையை இழுத்து மூடிக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்தாள். ஊர் அழகு என்று சொன்னதெல்லாம் அதில் இருந்தது. கார் களத்தைத் தாண்டி, இட்டேரி வண்டித்தடத்தைத் தாண்டி, திருச்சி ரோட்டு முனைக்கு வந்தது. பஸ் ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. காத்திருந்தார். பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"ஏதாச்சும் வருதா?" என்றார் கடைசியில்.

"திரை போட்டிருக்குதுங்க" என்று மரியாதையாகப் பதில் வந்தது.

கார் வந்த வழியே பின்வாங்கிப் போய்க் கொட்டகைக்குள் நின்றது. இஞ்சினில் கோளாறு என்று பாலுசாமி எல்லாரிடமும் சொன்னார். டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்றவர்களிடம் எரிந்து விழுந்தார். டிரைவர் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவான், மறுநாள் ஊரே கண்டுபிடித்துவிடும். மழை விட்டு வெயில் அடித்தது. அப்போதும் அவள் பின் சீட்டுக்குத்தான் வருவதாகச் சொன்னாள். வெள்ளிப் பறவை மேல் கோழி ஏறி உட்கார்ந்தது.

பிறகு ஒரு நாள் கோயமுத்தூர் போக பஸ்ஸுக்குக் கிளம்பினார். சூலூரில் நின்று, வந்த பஸ்ஸில் பெரிய மனுஷத் தோரணையில் ஏறினார். போர்டைப் படிக்க அவரால் முடியாது, ஒருவரைக் கேட்க அவரால் ஆகாது. பஸ் அவரைத் திருப்பூரில் இறக்கிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கட்டு பனியன் இருந்தது. திருப்பூரில் ஒரு சோலி இருந்தது, அப்படியே வாங்கிவந்தேன் என்றார். பனியன்கள் ஒன்றும் அவருக்குச் சேரவில்லை. சின்னப் பிள்ளைகள் அளவு. வள்ளியாத்தாள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, மடித்து வைத்தாள்.

அவர் கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். "இப்ப என்னதான் வேணுங்கற?" என்றார்.

"அந்தப் பக்கத்துக்கு ஒரு வைப்பருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. ஓட்டை கூடக் கம்பெனியிலயே போட்டு அடைச்சுத்தான் வெச்சிருக்கறாங்க."

மூக்குக் கண்ணாடியை அவள் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கிற சாமான் எது, கிடைக்காத சாமான் எது என்று அவளுக்குத் தெரியும்.

மழையில்லாத ஒரு காலையில், அன்று ஒரு நாள் மட்டும் என்று சொல்லி, அவள் முன்னால் உட்கார்ந்தாள். இருவரும் கோயமுத்தூர் போனார்கள். அழகிரிசாமியின் கடையில் புது வண்டி ஒன்று பளபளவென்று நின்றது. கண்ணாடிக்கு முன்னால் இரண்டு வைப்பர். வெயில் பலகையும் இரண்டு. வள்ளியாத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அழகிரிசாமி ஓடிவந்தார்.

"இப்ப எல்லா வண்டிக்கும் கம்பெனியே போட்டுத் தருதுங்க அம்மணி. உக்கார்றவங்க சவுகரியத்த நெனச்சுத்தானுங்க" என்றார். எல்லாருக்கும் போட்டால் வேண்டாதவர்களுக்கு அநியாயம் என்று நாலு வருஷம் சொன்ன அதே வாய், அதே வெண்ணெய்.

இந்த முறை வள்ளியாத்தாள் விழுங்கவில்லை. "சவுகரியம்னு யாருங்க கேட்டது?" என்றாள்.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பழைய வண்டிக்கு மட்டும் காசு உண்டு என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். மெக்கானிக் வந்து ரப்பர் மூடியைப் பிடுங்கி எறிந்தான். தண்டைச் செருகினான், முடுக்கினான். அவர்களுக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நாலு மழைக்காலம் அவள் கையை நீட்டி நனைந்த வேலை இதுதான்.

ஊருக்கு வந்த பாலுசாமி, கார் என்றால் இரண்டு வைப்பர் கம்பெனியே போட்டுத்தான் தரவேண்டும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். தான் சத்தம் போட்டதால்தான் கம்பெனி இறங்கி வந்தது என்றும் சொன்னார். நம்பினார்கள். இரண்டு வைப்பரோடு புது வண்டி வாங்கியவர்கள் சூலூரிலேயே சிலர் இருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்தார்கள். முன்னால் காலியாக இருந்த சீட்டுக்கு நேரே அந்த வைப்பர் மழை முழுதும் ஆடிக்கொண்டு போயிற்று.

அடுத்த ஐப்பசியில் அவிநாசிக் கோயிலுக்குப் போகச் சுப்பண்ணன் மறுபடி வந்தார். ஓசி சவாரிக்கு அவர் கோபம் வைத்துக்கொள்வதில்லை. வள்ளியாத்தாள் தலையணையைப் போட்டு முன்னால் உட்கார்ந்தாள். மழை பிடித்தது. இரண்டு வைப்பரும் ஆடின. அவள் பக்கத்துக் கண்ணாடியில் ரோடு, புளியமரங்கள், வெகுதூரத்தில் சாக்கு மூடிய ஒரு வண்டி, அதன் பின்னால் நடந்து வருகிற ஆள் எல்லாம் தெரிந்தன. அவசரமே இல்லை.

"ஏனுங்க" என்றாள். "அங்க தள்ளி ஒரு பாரவண்டி போயிட்டிருக்குதுங்க. பின்னால ஒரு ஆளும் நடந்து வாராருங்க. நாம கொஞ்சம் பையப் போனா நல்லா இருக்குமுங்க."

பாலுசாமி வேகத்தைக் குறைத்தார்.

"பரவால்லியே தம்பி" என்றார் சுப்பண்ணன் பின்னாலிருந்து. "மரியாதை சொல்லிக் குடுத்துப்போட்டயே."

பாலுசாமி ஒரு கையால் மீசையைத் தடவினார். ஓடாத கடிகாரத்தைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் சொன்னார். வள்ளியாத்தாள் திரும்பவில்லை. பாரவண்டிக்காரன் ஒதுங்கி நின்று வழிவிட்டான். அவன் முகம்கூடத் தெரிந்தது. அதற்கப்புறம் ரோடு வளைந்தது.

"பாலமுங்க" என்றாள்.